தொலைக்காட்சிப் பெட்டிக்குள் 25,000 வோல்ட்

முன்பக்கம் சற்றே புடைத்த கண்ணாடியும், பின்பக்கம் கூம்பிச் செல்லும் பெரிய முதுகுமாக இருக்கும் பழைய தொலைக்காட்சிப் பெட்டியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 2006ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு வீடுகளுக்கு இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணப் பெட்டிகளும் இந்த வகைதான். இன்று கடைகளில் தட்டைத் திரைப் பெட்டிகளே விற்கின்றன. ஆனாலும் பாட்டி வீட்டுப் பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ பழைய பெட்டி ஒன்று பழஞ்சேலையால் போர்த்தப்பட்டுக் கிடப்பது அபூர்வமன்று. அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே உயர் மின்னழுத்தம் உண்டு, திறக்காதீர்கள் என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும்.

எவ்வளவு உயரம்? நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். 14 அங்குல வண்ணப் பெட்டியின் குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல். 21 அங்குலப் பெட்டியில் ஏறத்தாழ 25,000 வோல்ட். சுவரில் இருப்பதைப் போல் நூறு மடங்கு! எங்கள் இயற்பியல் ஆசிரியையான சிஸ்டர் இதைச் சொன்னபோது வகுப்பு முழுவதும் ‘அம்மாடி!’ என்றது. இவ்வளவு பெரிய மின்னழுத்தம் எதற்கு, அதை எப்படிக் கட்டிக்காத்தார்கள் என்று, தொலைக்காட்சி பழுது பார்க்கும் என் பெரியப்பாவை நச்சரித்துக் கேட்டறிந்ததையும் நூலகத்தில் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

படக்குழாயின் கழுத்துப் பகுதியில், சூடேறிய சிறு உலோகத் துண்டிலிருந்து எலக்ட்ரான்கள் புறப்படுகின்றன. திரையின் உட்புறம் பூசப்பட்டுள்ள ஒளிரும் பொருளின்மீது அவை விரைந்து வந்து மோதினால்தான் நல்ல ஒளி பிறக்கும். மெல்ல வந்தால் மங்கலான படம்தான். ஆகவே அவற்றை இழுக்கத் திரைப்பக்கம் மிகப் பெரிய நேர்மின் அழுத்தம் தேவை. 25,000 வோல்ட்டால் இழுக்கப்படும் எலக்ட்ரான் நொடிக்கு ஏறத்தாழ 90,000 கிலோமீட்டர் வேகத்தில் திரையை அடைகிறது. இது ஒளியின் வேகத்தில் பத்தில் மூன்று பங்கு. நாம் நாடகமும் கிரிக்கெட்டும் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்தது இதுதான்.

மின்மாற்றி பற்றி நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். சுவர் மின்சாரத்தை ஒரு பெரிய மின்மாற்றியில் கொடுத்து உயர்த்திக்கொள்ளலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். இங்கிலாந்தில் 1936இல் பி.பி.சி. ஒளிபரப்பு தொடங்கிய காலத்துப் பெட்டிகளில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அவ்வாறு பெறும் மின்சாரம் உடலில் பட்டால் ஆளை விடாது; தேவையான அளவு மின்னோட்டம் சுவரிலிருந்து வந்துகொண்டே இருக்கும். பிறகு வந்தவர்கள் வேறொரு நல்ல வழி கண்டார்கள். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நம் நாட்டு முறையில் படம் என்பது 625 கோடுகள். நொடிக்கு 25 படங்கள். ஆக நொடிக்கு 15,625 கோடுகளை எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக வரைகிறது. ஒரு கோட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் 64 கூறு. கோடு முடிந்ததும் கற்றை சட்டென்று இடப்பக்கம் திரும்ப வேண்டும். அதற்குச் சுமார் 12 கூறுதான் நேரம். கற்றையை வளைப்பது குழாயின் கழுத்தில் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளில் ஓடும் மின்னோட்டம். அந்த மின்னோட்டத்தைத் திடீரென நிறுத்தினால் என்ன ஆகும்? ஓடும் பேருந்து சட்டென நின்றால் நாம் முன்னால் போய் விழுகிறோம் அல்லவா? சுருளும் அப்படித்தான். மின்னோட்டம் நின்றதைப் பொறுக்காமல் பெரியதொரு மின்னழுத்தத் துடிப்பை எழுப்புகிறது. டிரான்சிஸ்டரின் முனையில் அது ஏறக்குறைய 1,000 வோல்ட். அதே துடிப்பை ஒரு சிறு மின்மாற்றி பல மடங்காக்க, டயோடுகள் அதை ஒரே திசையில் அடுக்கி 25,000 வோல்ட் ஆக்குகின்றன. வேண்டாத துள்ளலையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்! இந்த மின்மாற்றியை நம் ஊர் மெக்கானிக்குகள் ‘இ.எச்.டி.’ என்பார்கள். அதிலிருந்து தடித்த சிவப்புக் கம்பி ஒன்று புறப்பட்டு, ரப்பர் மூடி போட்டுக் குழாயின் தோளில் நுழைகிறது.

குழாயே ஒரு மின்தேக்கி என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கண்ணாடியின் உட்புறம் கரிப்பூச்சு, வெளிப்புறமும் கரிப்பூச்சு, நடுவே மின்கடத்தாக் கண்ணாடி. தனியாக ஒரு மின்தேக்கி வாங்க வேண்டிய செலவு மிச்சம்.

இனி விஷயத்துக்கு வருவோம். உண்டாக்கிய மின்னழுத்தம் ஒரே அளவில் நிற்க வேண்டும். ஆனால் படம் ஒரே மாதிரியா இருக்கிறது? ஒரு காட்சியில் இருட்டறையில் ஒற்றை மெழுகுவர்த்தி. அடுத்த கணமே உச்சி வெயிலில் விளையாட்டு மைதானம். இருட்டில் குழாய் எடுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய பூச்சியம். வெயிலில் அது ஒரு மில்லி ஆம்பியரைத் தொடும். கேட்கச் சிறியதுதான்; 25,000 வோல்ட்டால் பெருக்கினால் 25 வாட். இந்தச் சுமை ஏறியதும் மின்னழுத்தம் தாழ்கிறது. தாழ்ந்தால் படம் சுருங்கும் என்றுதான் நான் நினைத்தேன், நீங்களும் நினைப்பீர்கள். உண்மையில் படம் பெரிதாகிறது! வேகம் குறைந்த எலக்ட்ரான் காந்தப் புலத்துக்குள் சற்று அதிக நேரம் இருப்பதால் அதிகமாக வளைகிறது. அழுத்தம் நூற்றுக்குப் பத்துக் குறைந்தால் படம் நூற்றுக்கு ஐந்து பெருக்கும். காட்சி மாறும்போதெல்லாம் படம் விரிந்து சுருங்குவதைப் பெரியப்பா, “படம் மூச்சு விடுதும்மா” என்பார். வெளிச்சமும் குன்றி, முகங்களின் கூர்மையும் போய்விடும்.

அமெரிக்காவில் 1954இல் வந்த முதல் வண்ணப் பெட்டிகளில் இதற்குச் செய்த வைத்தியம் வேடிக்கையானது. நம் பள்ளி மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயடியில் கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொட்டியிலிருந்து ஒரே அளவு தண்ணீர் வெளியேற வேண்டும் என்றால் என்ன செய்யலாம்? கூட்டம் இல்லாதபோது மீதியைப் போக்குக் குழாய் வழியே வெளியே விட்டுவிடலாம். அதுபோலப் படக்குழாய்க்குப் பக்கத்திலேயே ஒரு வால்வை வைத்தார்கள். படம் இருட்டானால் அந்த வால்வு மின்னோட்டத்தைக் குடிக்கும்; படம் வெளிச்சமானால் தான் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். மொத்தச் சுமை மாறாததால் அழுத்தமும் மாறாது. மின்சாரம் வீண்தான், ஆனால் படம் அசையாமல் நின்றது.

இங்கேதான் வில்லங்கம் வந்தது. வேகமான எலக்ட்ரான் உலோகத்தில் மோதினால் எக்ஸ் கதிர் பிறக்கும். ஜெர்மனியில் ராண்ட்ஜன் 1895 நவம்பர் 8ஆம் நாள் அக்கதிரைக் கண்டதும் இத்தகைய ஒரு குழாயை வைத்துத்தான். மருத்துவமனையின் எக்ஸ் கதிர்க் குழாயும் நம் வீட்டுப் படக்குழாயும் ஒருவகையில் ஒன்றுவிட்ட சகோதரிகள். கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் அழுத்தம் குறைவு. உண்டாகும் மெலிந்த கதிரைக் கண்ணாடியே தடுத்துவிடும். வண்ணப் பெட்டியின் 25,000 வோல்ட்டில் நிலைமை வேறு. அழுத்தம் சிறிது கூடினாலும் வெளிவரும் கதிர் பன்மடங்கு கூடும். ஆகவே வண்ணக் குழாயின் கூம்புப் பகுதியில் ஈயம் கலந்த கண்ணாடியை வைத்தார்கள். முன்புறத்தில் ஈயம் கலந்தால் நாளடைவில் கண்ணாடி பழுப்பேறும் என்பதால் அங்கே பேரியமும் ஸ்ட்ரான்சியமும் சேர்த்தார்கள். படக்குழாய்க்கு இவ்வளவு பாதுகாப்பு. ஆனால் போக்குக் குழாய் வேலை பார்த்த அந்த வால்வும் 25,000 வோல்ட் தாங்கியதுதானே? அதற்குள்ளும் எக்ஸ் கதிர் பிறந்துகொண்டுதான் இருந்தது. அதைச் சுற்றி உலோகத் தகட்டால் மறைப்புப் போட வேண்டியிருந்தது.

1967ஆம் ஆண்டு, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பெரிய திரை வண்ணப் பெட்டிகள் பலவற்றில் இந்த மறைப்புச் சரியாக அமையாமல், அளவுக்கு மீறிய எக்ஸ் கதிர் வெளிவருவது தெரியவந்தது. கதிர் முன்பக்கம் வரவில்லை. பெட்டியின் அடிப்பக்கம் வழியாகக் கீழ்நோக்கி வந்தது. வீடுகளுக்குச் சென்றுவிட்ட பல்லாயிரம் பெட்டிகளைத் தேடிச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. இதையொட்டி எழுந்த பரபரப்பில் 1968 அக்டோபர் 18 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்கீழ் வந்த விதி இதுதான்: தொலைக்காட்சிப் பெட்டியின் எந்தப் பக்கத்திலும், 5 சென்டிமீட்டர் தொலைவில், மணிக்கு 0.5 மில்லி ராண்ட்ஜன் அளவுக்கு மேல் கதிர் இருக்கக் கூடாது. முக்கியமான வரி இனிமேல்தான். பெட்டி நன்றாக ஓடும்போது மட்டுமல்ல, உள்ளே ஓர் உறுப்பு பழுதானாலும் இந்த அளவு தாண்டக் கூடாது என்பதையும் பின்னர்ச் சேர்த்தார்கள்.

இந்த ஒரு நிபந்தனையால் பொறியாளர்களின் வேலை இரண்டாகப் பிரிந்தது. அழுத்தத்தைச் சீராக வைத்திருப்பது ஒரு வேலை. சீராக்கும் பகுதியே கெட்டுப்போனால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசிப்பது இன்னொரு வேலை. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தோன்றுகிறது.

முதல் வேலை நாளடைவில் எளிதாகிவிட்டது. டிரான்சிஸ்டர் பெட்டிகள் வந்த பிறகு குடித்துத் தீர்க்கும் வால்வு தேவைப்படவில்லை. இ.எச்.டி.க்குக் கொடுக்கும் நேர்மின்சாரம், பல பெட்டிகளில் 110 வோல்ட்டை ஒட்டியது, அசையாமல் இருந்தால் 25,000 வோல்ட்டும் பெரும்பாலும் அசையாது. 1980களில் பெட்டி வாங்கிய நம் ஊர்க்காரர்கள் கூடவே ஒரு ஸ்டெபிலைசரையும் வாங்கி, அது ‘டக், டக்’ என்று மாறும் ஓசையைக் கேட்டுக்கொண்டே படம் பார்த்தார்களாம். பின்னர் வந்த பெட்டிகளின் மின்வழங்கி 90 வோல்ட் வந்தாலும் 270 வோல்ட் வந்தாலும் உள்ளே ஒரே அளவைக் கொடுத்தது. அத்துடன் படக்குழாயின் மின்னோட்டத்தை அளந்துகொண்டே இருந்து, அளவு மீறினால் வெளிச்சத்தைத் தானே குறைக்கும் ஒரு சுற்றும் உண்டு.

இனி இரண்டாவது வேலை. 110 வோல்ட் கொடுக்கும் பகுதி கெட்டு அது 140 ஆகிவிட்டது என்று வையுங்கள். கணக்குப் போட்டால் 25,000 என்பது ஏறக்குறைய 32,000 ஆகும். படம் முன்னைவிடப் பளிச்சென்று தெரியும்! வீட்டார் மகிழ்ச்சியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதைவிட மோசமான பழுது ஒன்று உண்டு. டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு சிறு மின்தேக்கி இருக்கிறது. கற்றை திரும்பும் நேரத்தை நிர்ணயிப்பது அதுதான். அதன் கால் ஒன்று விட்டுப்போனால் துடிப்பு குறுகும். சப்பாத்தி மாவை இரு பக்கமும் அமுக்கினால் மேலே எழும்புவது போலக் குறுகிய துடிப்பு உயர்ந்து நிற்கும். அழுத்தம் தாறுமாறாக ஏறும். சில அமெரிக்கப் பெட்டிகளில் இதற்காகவே அந்த மின்தேக்கியை நான்கு கால்களோடு செய்தார்கள். டிரான்சிஸ்டருக்கான மின்சாரமே அக்கால்கள் வழியாகச் சென்று வர வேண்டும். கால் விட்டுப்போனால் மின்சாரமும் நின்றுவிடும். எவ்வளவு எளிய யோசனை பாருங்கள்!

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு காவல்காரச் சுற்று இருக்கிறது. இ.எச்.டி.யிலேயே சில சுற்றுக் கம்பியைத் தனியே எடுத்து, அதில் வரும் சிறு அழுத்தத்தை ஒரு சீனர் டயோடின் அளவோடு ஒப்பிடுகிறார்கள். பெரிய அழுத்தம் ஏறினால் இந்தச் சிறியதும் ஏறும். எல்லையைத் தாண்டியதும் காவல்காரன் விழித்துக்கொண்டு, கோடு வரையும் சுற்றையே நிறுத்திவிடுவான். பெட்டி அணைந்துவிடும். சுவிட்சை அணைத்து மீண்டும் போடும்வரை விடமாட்டான். போட்டாலும் பழுது இருந்தால் மறுபடி அணைந்துவிடும். 1970களின் தொடக்கத்து அமெரிக்கப் பெட்டிகள் சிலவற்றில் வேறு தந்திரம். பெட்டி அணையாது, படம் மட்டும் கோணல்மாணலாகக் கிழிந்து, பார்க்கவே முடியாமல் போகும். வீட்டார் வேறு வழியின்றி மெக்கானிக்கை அழைத்தே தீர வேண்டும்.

“போட்ட உடனே தானா ஆஃப் ஆயிடுது” என்று சொல்லி எத்தனை பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்பதைப் பெரியப்பா சொல்லக் கேட்க வேண்டும். அவர்கள் கண்ணுக்கு அது பழுது. பெட்டியோ தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. அவசரக்கார மெக்கானிக்குகள் சிலர் அந்தக் காவல்காரச் சுற்றின் ஒரு மின்தடையைக் கழற்றி எறிந்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் பெட்டியை ஓடவைத்துக் காசு வாங்கிக்கொள்வார்களாம். வாடிக்கையாளருக்கு மகிழ்ச்சி, மெக்கானிக்குக்கு நல்ல பெயர்.

“நீங்க ஏன் பெரியப்பா அப்படிச் செய்யல?” என்று கேட்டேன்.

“செஞ்சா ஓடும்மா. கொஞ்ச நாள் நல்லாவே ஓடும். ஆனா அதுக்கு முன்னாடி திரையை ஒட்டி உக்காந்து கார்ட்டூன் பாக்கறது யாரு? சின்னப் பிள்ளைங்கதானே. எக்ஸ் கதிர் வந்தா கண்ணுக்குத் தெரியுமா, சுடுமா, வாசனை வருமா? ஒண்ணும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.”

பழுதை முறையாகக் கண்டுபிடிக்க அவருக்குச் சில நாள் இரண்டு நாள் ஆகுமாம். பொறுமையிழந்து பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு என்று பெரியம்மா இன்றும் குறைபட்டுக்கொள்வார்.

மின்சாரத்தை நிறுத்தினால் அபாயம் முடிந்ததா? இல்லை. படக்குழாய் ஒரு மின்தேக்கி என்று முன்பே சொன்னேன். சுவிட்சை அணைத்த பிறகும் அது மின்னூட்டத்தைப் பிடித்துவைத்திருக்கும். ஆனால் இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. மின்தேக்கியிலுள்ள ஆற்றல் என்பது மின்தேக்கு திறனில் பாதியை அழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. குழாயின் திறன் 2,000 பிக்கோஃபாரட், அழுத்தம் 25,000 வோல்ட் என்றால் ஆற்றல் 0.6 ஜூலுக்குச் சற்று அதிகம். அதே பெட்டியில் மின்சாரம் நுழையும் இடத்தில் ஒரு சாதாரணத் தகர டப்பா போன்ற மின்தேக்கி இருக்கிறது. 220 மைக்ரோஃபாரட், ஏறத்தாழ 320 வோல்ட். அதன் ஆற்றல் 11 ஜூல்! பெரிய எண்ணைக் கண்டு எல்லோரும் குழாயின் தோளுக்குப் பயப்படுகிறார்கள். அதனினும் பதினெட்டு மடங்கு ஆற்றலோடு மூலையில் உட்கார்ந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை. பெரியப்பாவின் கடையில் புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கு முதலில் காட்டிக்கொடுப்பது அதைத்தானாம். குழாயின் அதிர்ச்சி வேறு விதத்தில் கெடுதல் செய்யும். கை வெடுக்கென்று உதறும்போது குழாயின் கழுத்தில் இடித்தால் அது உடையும். உள்ளே வெற்றிடம் ஆதலால் கண்ணாடி உள்வாங்கிச் சிதறும்.

இதை ஏன் இன்று எழுத வேண்டும், தட்டைத் திரைகளில் படக்குழாயே இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். பெட்டிகள் எங்கும் போய்விடவில்லை, தோழியரே. வீட்டை ஒழிக்கும்போது அவை காயலான் கடைக்குப் போகின்றன. கழுத்திலுள்ள செப்புச் சுருளுக்காகக் குழாயைக் கல்லால் உடைக்கிறார்கள். சில இடங்களில் நம் வயதுப் பிள்ளைகளே உடைக்கிறார்கள். எக்ஸ் கதிரைத் தடுத்த அதே ஈயக் கண்ணாடி தூளாகி மண்ணில் கிடக்கிறது. மின்னணுக் கழிவு மேலாண்மைக்கென்று 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி இத்தகைய பெட்டிகள் பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். உங்கள் வீட்டில் பழைய பெட்டி இருந்தால் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்; திறந்து பார்க்கும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள்.

பெரியப்பா ஒரு குழாயை வெளியே அனுப்புமுன் அதன் மின்னூட்டத்தை முறைப்படி இறக்கிவிடுவார். அதோடு நிறுத்துவதில்லை. இறக்கிய பிறகும் கண்ணாடிக்குள் ஊறியிருக்கும் மின்னூட்டம் சிறிது நேரம் கழித்து மெல்லத் திரும்பி வரும் என்பதால், தோளிலுள்ள துளைக்கும் வெளிப்புறக் கரிப்பூச்சுக்கும் இடையே ஒரு செப்புக் கம்பியை இறுகக் கட்டிவிட்டுத்தான் அனுப்புவார்.